ஒன்றரை விநாடி மூச்சு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். தினமும் ஆறு பேர் என்னைக் கொல்லப் பார்ப்பார்கள். ஆறு பேரையும் திட்டித் திட்டியே உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். பயிற்சிக் காரில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருடமாக அதை மிதித்துப் பழகியதில், பஸ்ஸில் போனாலும் சரி, சோபாவில் சாய்ந்திருந்தாலும் சரி, எதிரே ஏதாவது தப்பாகப் போனால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகன் வீட்டுத் தரையை அது எத்தனை தடவை அழுத்தியது என்று எனக்கே தெரியாது.

அக்கா மகனுக்கு வீட்டில் பட்டப்பெயர் இஸ்திரி. ஐந்து வயதிலேயே சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவன். இன்றைக்கும் சாப்பிடும் முன் ஸ்பூனை மூன்று தடவை துடைப்பான். வயது முப்பத்தேழு ஆகிறது. அவன் புத்திக்கேற்ற வேலையே அமைந்துவிட்டது. பழைய படங்களைச் சுத்தம் செய்து புதிதாக்குகிற கம்பெனியில் ஒலிப் பிரிவு. கரகரப்பு, இரைச்சல், யாரோ இருமியது, எவனோ நாற்காலியை இழுத்தது என்று எல்லாவற்றையும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பான். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதானே என்று நான் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இந்தத் தடவை அவன் கைக்கு வந்தது அந்தப் படம். எங்கள் குடும்பத்தில் அந்தப் படம் என்றால் ஒரே ஒரு படம்தான். ஒரு விண்வெளிக் கப்பல் வேறொரு உலகத்தைத் தேடிப் போகிறது. போய்ச் சேர எண்பது வருடம் ஆகும். ஆட்களெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்க, கப்பல் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு போகும். கப்பலுக்கு ஒரு பெண் குரல். கடைசியாக விழித்திருப்பவன் ஒரு மெக்கானிக். பெட்டிக்குள் படுக்கமாட்டேன் என்று அழுகிறான். அவனிடம் கப்பல் சொல்லும்: "எண்பது வருடம் தூங்கப் போகிறாய். நீ கண் விழிக்கும்போது உனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் இருப்பேன். தூங்கு."

'இருப்பேன்' என்பதற்கும் 'தூங்கு' என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு கேட்கும். திடுக்கிட்டு உள்ளே இழுக்கிற மூச்சு. ஒன்றரை விநாடி இருக்கும். இயந்திரத்துக்கு ஏது மூச்சு? ஆனால் அந்த இடத்தில்தான் பார்த்தவர்களெல்லாம் அழுதார்கள். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இயக்குநர் பேட்டிக்குப் பேட்டி, அதைத் தானே யோசித்து வைத்ததாக அளந்துவிட்டார்.

கப்பலுக்குப் பேசியது என் அக்கா. அந்த மூச்சை யாரும் யோசித்து வைக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. குரல் பதிவு செய்யும் அறையில் தாள் புரட்டினால் அந்தச் சத்தமும் பதிந்துவிடும். அதனால் பேசுகிறவர் கண்ணுக்கு நேராக வசனத் தாளை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அக்காவுக்குத் தாள் பிடிப்பது நான். மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். அக்காவுக்கு ஐந்தரை மாதம். கர்ப்பம் என்று தெரிந்தால் மூச்சை அடக்கிப் பேச முடியாது என்று சொல்லி வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதால், அந்த வேக்காட்டிலும் பெரிய சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள், கடைசி வசனம். அடுத்த படத்து ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா பேசிக்கொண்டே வருகிறாள். 'நான் இருப்பேன்' என்கிற இடத்தில் அவள் என் கையைப் பிடித்து இழுத்துச் சால்வைக்குள் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளிருந்து ஒரு உதை. முதல் உதை அதுதான். மூச்சு ஒலிநாடாவில் பதிந்துவிட்டது. அக்கா சமாளித்துக்கொண்டு 'தூங்கு' என்று முடித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பதிவு மேலாளர் கதவை உதைக்காத குறையாக உள்ளே வந்தார். "மெஷின் மூச்சு விடுமாம்மா? பேச வந்தியா, தூங்க வந்தியா?" இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை. மூச்சு வார்த்தையோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் நாடாவை வெட்டி எடுக்கவும் முடியவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னோடதுதான் சார்," என்றாள். அவர் கத்திய கத்தலில் சால்வை நழுவியது. வயிற்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் எழுதமாட்டேன்.

அன்றிலிருந்து ஸ்டுடியோவில் அவள் பெயர் மூச்சுக்காரி. நாலு வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை. அப்புறம் கூப்பிட்டதும் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவதற்கு. அதுவும் நின்றபோது ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலைக்குப் போனாள். எண்பது வருடத் தூக்கத்துக்கு ஒரு நாட்டையே அழவைத்த குரல், இருபத்திரண்டு வருடம் மைக்கில் "நாற்பத்தேழு, மூணாம் நம்பர் அறை" என்று சொல்லி ஓய்வு பெற்றது. படத்தில் பெயர்கூடப் போடவில்லை அந்தப் புண்ணியவான்கள். ஸ்டுடியோ வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் ஹாரன் அடிப்பேன். பழக வருகிறவர்களையும் அடிக்கச் சொல்வேன். எதற்கு மேடம் என்பார்கள். அடி, சொல்கிறேன் என்பேன். இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஏனென்றால் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "அவன் உதைச்சதாலதான் எனக்கு வேலை போச்சுன்னு புள்ளைக்குத் தெரியக்கூடாதுடி." சரி என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மூச்சு இருக்கிறதே என்று ஒரு ஆறுதல். டிவியில் அந்தப் படம் எப்போது போட்டாலும் வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். பெயர் போடாதவர்களால், பேட்டி கொடுத்தவரால், அதை மட்டும் எடுக்க முடியவில்லை. அது என் அக்காவுடையது என்று எனக்குள் ஒரு திமிர்.

அதைத்தான் இஸ்திரி துடைத்துவைத்திருந்தான்.

மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தான். அவன் மனைவிக்கு அன்றைக்கு வேலை நாள். கூடத்துச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சாம்பல் கலந்த வெள்ளையில் அவனே பெயிண்ட் அடித்திருந்தான். ஜன்னல்களுக்குக் கனமான கறுப்புத் திரை. அலமாரி உச்சியில் புது புரொஜெக்டர். சத்தம் வருகிறது என்று ஃபிரிட்ஜையே நிறுத்திவிட்டான்.

"ஐஸ் உருகி ஆறா ஓடப்போகுதுடா," என்றேன்.

"ரெண்டு மணி நேரம் தாங்கும் சித்தி. உங்க ஃபோனைக் கொடுங்க."

"எதுக்கு?"

"ஆஃப் பண்ணினேன்னு சொல்லுவீங்க, பண்ணமாட்டீங்க."

நாளைக்குக் காலை பத்து மணிக்குப் படம் தயாரிப்பாளர் கைக்குப் போகிறது, அதற்கு முன்னால் அம்மா பார்க்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு என்றான். அக்கா புது வெள்ளைப் புடவை கட்டி வந்திருந்தாள். முகத்தில் மட்டும் ஒரு களையும் இல்லை. வரும்போதே தலைவலி என்றாள். நீ எதுக்கு வந்தே, உனக்கு ஞாயித்துக்கிழமைதானே நிறைய பேர் பழக வருவாங்க என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அத்தான் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எந்தப் படமாக இருந்தாலும் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிற மனிதர்.

படம் ஓட ஆரம்பித்ததும் சுவர் காணாமல் போய்விட்டது. சின்ன டிவியில் புகையாகத் தெரிந்ததெல்லாம் நட்சத்திரமாக இருந்தது. கப்பலின் தகரத்தில் ஆணி அடித்த இடங்கள்கூடத் தெரிந்தன. அக்காவின் குரல் வந்தது. இருபத்து நாலு வயது அக்கா, என் காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறாள். திரும்பிப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் அழ ஆரம்பித்தான். நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"எண்பது வருடம் தூங்கப் போகிறாய்," என்றது கப்பல். "நீ கண் விழிக்கும்போது உனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் இருப்பேன்."

ஒன்றுமில்லை. துடைத்துவைத்த மௌனம்.

"தூங்கு."

என் வலது கால் தரையை மிதித்தது. "நிறுத்துடா!"

இஸ்திரி நிறுத்தினான். சுவர் முழுக்க மெக்கானிக்கின் முகம் அழுதபடியே நின்றது. அத்தான் ஒரு கண்ணைத் திறந்து, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

"மூச்சு எங்கடா?"

"என்ன சித்தி?"

"மூச்சுடா. தூங்குன்னு சொல்றதுக்கு முன்னால வருமே, அது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டைச் சட்டை நுனியால் துடைத்தான். "அது ஒரு குறை சித்தி. பட்டியல்ல எண் அறுநூத்திப் பன்னெண்டு. எடுத்தாச்சு."

குறை. எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "உலகமே அதைக் கேட்டு அழுதிருக்கு. உனக்குக் குறையா? உன்னை யாருடா அதுல கை வைக்கச் சொன்னது?"

"மெஷின் மூச்சு விடாது சித்தி."

அதே வார்த்தை. முப்பத்தெட்டு வருடம் கழித்து, அதே வார்த்தையை இவன் வாயிலிருந்து கேட்டேன். அந்த மேலாளர் எதிரே நிற்பது போலவே இருந்தது.

"அது மெஷின் இல்லடா முண்டம், உங்கம்மா! இந்தக் குறட்டை உனக்குக் கேக்கலையா, உங்கப்பா மூச்சையும் துடைச்சிட்டு வா, வீடு சுத்தமாயிடும்!"

"விடுடி," என்றாள் அக்கா.

எனக்கு இந்த 'விடுடி'யைக் கேட்டாலே ஆகாது. வேலை போனபோது விடுடி. பெயர் போடாதபோது விடுடி. இயக்குநர் அளந்தபோது விடுடி. "நீ விட்டு விட்டுத்தான் உன்னை எல்லாரும் மிதிச்சாங்க. இப்ப உன் புள்ளையும் மிதிக்கிறான். நான் விடமாட்டேன்."

"சித்தி, சத்தம் போடாதீங்க."

"போடுவேன். நல்லாக் கேளு. அந்த மூச்சு எதுக்கு வந்துச்சு தெரியுமா? நீ உதைச்சே. அவ வயித்துல அஞ்சரை மாசப் புள்ளையா இருந்து முதல் தடவையா உதைச்சே, அதுல வந்த மூச்சு அது. அதுக்காக அவளை மூச்சுக்காரின்னு சொல்லி விரட்டினாங்க. அதைத்தான் நீ குறைன்னு எடுத்திருக்கே. நீ எடுத்தது உன்னையேடா!"

சத்தியம் போயிற்று. போகட்டும் என்றிருந்தது. இஸ்திரி உடைந்து போவான், உடனே லேப்டாப்பைத் திறந்து மூச்சைத் திருப்பி வைப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாக அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"இதை நீ என்கிட்ட சொல்லலையேம்மா," என்றான். பிறகு என்னிடம், "அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க சித்தி," என்றான்.

"பொய் சொல்லாதே."

"ரெண்டு வாரம் முன்னாடி ஹெட்போனைக் கொடுத்து அம்மாவைக் கேக்க வச்சேன். எனக்கே எடுக்க மனசில்ல. இருக்கட்டும்னுதான் நெனச்சேன். அம்மாதான் பிடிவாதமா எடுத்துடுன்னாங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

என் கோபம் யாரிடம் போவது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றது. பிறகு முழுசாக அவள் பக்கம் திரும்பியது. "உனக்குப் பைத்தியமா? உன்னோடதுன்னு அந்தப் படத்துல இருந்தது அது ஒண்ணுதானே. அவனுங்க பேசினதை நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே. எதுக்குக்கா? காரணம் சொல்லு."

"எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

"பொய். உனக்குப் பொய் சொல்ல வராது. டேய், பழசைப் போடு. எடுக்கறதுக்கு முன்னால இருந்ததைப் போடு."

"வேண்டாம்," என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு வேகமாக வந்து நான் கேட்டதில்லை. எழுந்து மகனின் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கப் போனாள். நானும் பிடித்தேன். அறுபத்திரண்டும் ஐம்பத்தேழும் ஒரு ரிமோட்டுக்காக மல்லுக்கு நின்றோம். மேஜையில் இருந்த பிஸ்கட் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் தூள். இஸ்திரி அதைப் பார்த்தான், துடைக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய் லேப்டாப்பைத் திறந்தான்.

"சித்திக்குத் தெரியணும்மா. நீ இப்படி மறைக்கிறதுதான் தப்பு."

மெக்கானிக்கின் முகம் மறைந்து, சுவர் முழுக்கக் கறுப்பில் பச்சைக் கோடுகள் வந்தன. மலையும் பள்ளமுமாக ஒரு குரலின் படம். இதுதான் 'இருப்பேன்' என்று ஒரு மலையைக் காட்டினான். ஓடவிட்டான்.

"நான் இருப்பேன்." மூச்சு. "தூங்கு."

"இதோ இருக்கே!" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதைப் போய் எடுத்தீங்களே."

"மறுபடி கேளுங்க. மூச்சு எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் கவனிங்க."

மறுபடி ஓடியது. இரைச்சலெல்லாம் போன சுத்தமான சத்தம். 'இருப்பேன்' இன்னும் முடியவில்லை. 'பே' நீண்டுகொண்டிருக்கிறது. அதற்குள்ளேயே மூச்சு தொடங்கிவிட்டது. சுவரில் அவன் விரல் வைத்த இடத்தில் ஒரு மலை இறங்கி முடிவதற்கு முன்பே இன்னொரு சின்ன மேடு அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"பேசிக்கிட்டே மூச்சை உள்ள இழுக்க முடியுமா சித்தி? செஞ்சு பாருங்க."

இதென்ன விளையாட்டு என்று செய்து பார்த்தேன். "இருப்பேன்" என்றேன், இழுத்தேன். பேச்சு நின்றுவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடி நின்றது. ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிக்கப் பார்க்கிற மாதிரி இருந்தது. முடியாது. யாராலும் முடியாது.

"அம்மா குரல் மைக்குக்குக் கிட்ட இருக்கு. இந்த மூச்சு ரெண்டடி தள்ளி வருது. இது வேற ஆள். டிவியில இரைச்சலோட கேட்டவரைக்கும் யாருக்கும் தெரியல. அந்த ரூம்ல வேற யார் இருந்தாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். பதில் சொல்லல. எடுத்துடுன்னு மட்டும் சொன்னாங்க."

அந்த அறையில் வேறு யார் இருந்தது?

என் வலது கையில் தாள் இருந்தது. இடது கை அக்காவின் வயிற்றில் இருந்தது. உள்ளிருந்து உதைத்தது. உள்ளங்கையில் அந்த உதை எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் மேலாளரின் கத்தல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்தேன் என்பது மட்டும் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு குழந்தை உதைப்பதைத் தொட்டால் என்ன செய்வாளோ அதைத்தான் செய்திருப்பேன்.

"என்னோடதா?" என்றேன்.

அக்கா கீழே குனிந்து பிஸ்கட் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"நான் மூச்சு விடலைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் உன்னோட தப்புன்னு சொன்னே?"

"நான்தானே உன் கையை எடுத்து வச்சேன். உன்னைச் சொன்னா அந்த ஆளு உன்னை அடிச்சிருப்பான்டி. சின்னப் பொண்ணு நீ." அவள் நிமிரவில்லை. "இவன் சுத்தம் பண்ணினதைக் கேட்டதும் பயம் வந்துடுச்சு. இது தியேட்டருக்குப் போனா நீ போய்ப் பார்ப்பே. கேட்டா கண்டுபிடிச்சிடுவே. அதனாலதான் எடுக்கச் சொன்னேன். இன்னிக்கு நீ வராம இருந்திருக்கலாம்."

இஸ்திரி லேப்டாப்பை மூடப் போனான். "இருடா," என்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பத்தெட்டு வருடம் எத்தனை பேரைச் சபித்திருக்கிறேன். மேலாளரை, இயக்குநரை, அந்தக் கட்டடத்தை. எத்தனை ஹாரன். அத்தனையும் எனக்கு நானே அடித்துக்கொண்டது. இவள் அவ்வளவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, விடுடி விடுடி என்று எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். யார் கேட்டார்கள்?

"டேய், அந்தக் குறைப்பட்டியல்ல அறுநூத்திப் பன்னெண்டுல என்ன எழுதியிருக்கே?"

அவன் தயங்கித் தயங்கிச் சுவரில் காட்டினான். படப் பெட்டியோடு வந்த பழைய ஸ்டுடியோ குறிப்பை அப்படியே ஏற்றியிருந்தான். 'குரல் கலைஞர் பிழை. மூச்சு அடக்கத் தெரியவில்லை.'

"இந்தப் பட்டியல் எங்க போகும்?"

"படத்தோடயே போகும். படம் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"அதை அழி. மூச்சைத் திருப்பி வை. காரணம் எழுது. குரல் கலைஞர் பிழை இல்லை. பக்கத்துல தாள் பிடிச்சவளோட மூச்சு. என் பேரைப் போடு."

"வேண்டாம்டா," என்றாள் அக்கா.

"போடுடா. முழுப் பேரையும் போடு. இனிஷியலோட போடு."

அவன் போட்டான். எழுத்து எழுத்தாக என் பெயர் சுவரில் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும். கீழே 'நீக்கப்பட்டது' என்றிருந்ததை 'நீக்கப்படவில்லை' என்று மாற்றினான்.

அக்கா எழுந்தாள். கையில் இருந்த தூளைத் தட்டில் போட்டாள். "இவ்வளவு வருஷம் பொத்திப் பொத்தி வச்சதை ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டே. திருப்தியா?"

"இல்ல. நீ என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டு."

"எதுக்குத் திட்டணும்?"

"உன் வேலையைக் கெடுத்தேன்ல? திட்டுக்கா."

"விடுடி."

"விடமாட்டேன்."

"விடுடின்னா விட்டுத் தொலையேன்டி!" என்று கத்தினாள் அக்கா. அத்தான் நாற்காலியோடு தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். "என்ன திட்டணும் உன்னை? வாயை மூடிக்கிட்டு நில்லுன்னுதானே கூட்டிட்டுப் போனேன்! தாளைப் பிடிக்கிறதைத் தவிர உனக்கு என்ன வேலை? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும். என் குரலைக் கேட்டுட்டு அடுத்த படத்துக்கும் என்னையே கூப்பிடத்தான் வாசல்ல வந்து நின்னாங்கடி அன்னிக்கு. நான் வெளிய போகும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நாற்பத்தேழு, மூணாம் நம்பர் அறை. நாற்பத்தெட்டு, மூணாம் நம்பர் அறை. ஒவ்வொரு நம்பருக்கும் உன்னை நெனச்சிருக்கேன். வீட்டுக்கு வந்தா நீ எனக்காக ஊரைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பே. உன்னை என்னடி செய்யறது நான்?"

என் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. அசையாமல் வைத்துக்கொண்டேன். அவள் இன்னும் பேசினாள். மேலாளர் அன்றைக்குச் சொன்னதை, நான் எழுதமாட்டேன் என்று சொன்னேனே, அதைக்கூட வார்த்தை மாறாமல் சொன்னாள். இஸ்திரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். புரொஜெக்டர் வெளிச்சத்தில் என் பெயர் அவன் சட்டையில் விழுந்திருந்தது.

கடைசியில் வார்த்தை தீர்ந்து நின்றாள். வாயைத் திறந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். ஃபிரிட்ஜ்கூட ஓடாத வீட்டில் அது நன்றாகக் கேட்டது. கனமாக, அடிவயிற்றிலிருந்து, கொஞ்சம் சீறலோடு வந்தது. இத்தனை வருடமாக டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அக்காவின் மூச்சு, அக்காவின் மூச்சு என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததைப் போல அது இல்லவே இல்லை.